ஊசி போட்டுவிட்டுத் தொடுங்கள்

மருத்துவமனையில் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மேசையை விட்டு இறங்கி வந்தவள் என்று எங்கள் ஊர் உறுவையாறில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. சிலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சிலர் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் அதே மேசையில் நான் மறுபடியும் ஏறிப் படுத்தேன், சோதனையை முடித்துக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் கலாவதி. வயது ஐம்பதை நெருங்குகிறது. எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. என் வீட்டுக்காரர் ஏழுமலையும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். மகள் நித்யா புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். மகன் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறான். இரண்டு பேருமே சிசேரியனில் பிறந்தவர்கள்.

மாதவிடாய் எனக்கு நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பல மாதங்களாக எட்டிப் பார்க்கவில்லை. தொல்லை விட்டது என்று இருந்தேன். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில் திடீரென்று வந்தது. வந்தது நிற்கவே இல்லை. வெட்டாட்கள் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். ஆலைக்குப் போகும் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் எல்லோரும் காத்துக்கிடந்த நேரம். நான் படுத்துக்கொண்டால் சோறு யார் ஆக்குவது, ஆட்களை யார் பார்ப்பது? கறுப்பும் கருநீலமுமாக இருந்த சேலைகளைத் தேடித் தேடிக் கட்டினேன். உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். கட்டி கட்டியாகப் போனது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கண் முன்னால் இருந்த கரும்பெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வந்து தூக்கி நிறுத்தினார். சேலையைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்படி?" என்று கேட்டார்.

"லாரி வந்து போவட்டும்னு இருந்தேன்."

"லாரி வரும். நீ வண்டில ஏறு."

வில்லியனூரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அங்கே இரண்டு நாள் படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் நித்யா கல்லூரிக்குப் போகாமல் என்னோடு இருந்தாள். என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். சின்ன வயதில் நான் அவளுக்குப் பின்னும்போது வலிக்கிறது என்று ஓடுவாள். இப்போது அவள் ஒவ்வொரு சிக்குக்கும் "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக் கேட்டுப் பின்னினாள்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருப்பதாகத் தெரிந்தது. மாதாமாதம் உதிர்ந்து வெளியே வருவது அந்தச் சவ்வுதான். அது ஏன் தடித்தது, கெட்டதாக எதுவும் இருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் பயாப்சி. டாக்டர் இளம்வயதுப் பெண். வேகமாகப் பேசுவார், ஆனால் கடுகடுப்பு இல்லை.

"சின்ன டெஸ்ட்தாம்மா. இதுக்காக அட்மிஷன் எல்லாம் வேணாம். டிஸ்சார்ஜ் ஆகிட்டு அடுத்த வாரம் ஓ.பி.க்கு வாங்க, அங்கயே முடிச்சிடலாம். மாசாமாசம் வர்ற வயித்து வலி மாதிரி லேசா இருக்கும், அவ்ளோதான்."

அவர் சொல்லாத வார்த்தை எனக்குத் தெரியும். பாகூரில் என் சித்தி கர்ப்பப்பைப் புற்றில்தான் போனாள். கடைசியில் அவளைப் பார்க்கப் போனபோது பாயோடு பாயாகக் கிடந்தாள், என்னைப் பிடித்த கை வெறும் எலும்பாக இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அந்த ஒரு வாரமும் சோறு பிசையும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் சித்தியின் கைதான் நினைவுக்கு வந்தது. எப்படியாவது அந்தத் துண்டை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். பயந்துகொண்டு போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஓ.பி.யில் அந்த அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது சேலையைச் சரிசெய்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்கக்கூடாத விஷயம் போல எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. உயரமான மேசை. இரண்டு பக்கமும் காலைத் தூக்கி வைக்கக் கம்பிகள். திரைச்சீலை இருந்தது, ஆனால் முழுதாக மூடவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவர்கள் சிலர் கால்மாட்டில் நின்றார்கள். அவர்கள் நிற்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கதவு திறந்து திறந்து மூடியது.

"கால அகட்டுங்கம்மா. இன்னும் கொஞ்சம். லூசா விடுங்க," என்றார் டாக்டர்.

லூசாக விடு என்றால் உடம்பு விட்டுவிடுமா? முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அப்படிப் படுத்திருக்கும்போது அது தானாகவே இறுகிக்கொள்கிறது. வாத்தின் அலகு மாதிரி ஒரு இரும்புக் கருவியை உள்ளே விட்டு விரித்தார்கள். சில்லென்று இருந்தது, அழுத்தியது, ஆனாலும் தாங்கினேன். அடுத்து கர்ப்பப்பையின் வாய் அசையாமல் இருக்க அதை ஒரு இடுக்கியால் பிடித்தார்கள். அந்த இடுக்கியின் நுனியில் கொக்கி இருக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுள்ளென்று ஏறியது. அந்த இழுப்பிலேயே என் இடுப்பு மேசையை விட்டு எழுந்தது. பிறகு ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார்கள். அது போகவில்லை. மறுபடி அழுத்தினார்கள். அடிவயிற்றுக்குள் கையை விட்டு எதையோ முறுக்கிப் பிடுங்குவது போல இருந்தது. தொடை நடுங்கியது, காது அடைத்தது, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது.

"நிறுத்துங்கம்மா," என்றேன்.

"இதோ ஆயிடுச்சி. அசையாதீங்க."

"நிறுத்துங்க."

"ஒரே நிமிஷம்மா."

கால்மாட்டில் நின்ற நர்ஸ் என் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். "ரெண்டு புள்ள பெத்தவங்கதானே நீங்க? இதுக்குப் போய் இப்படிக் கத்துறீங்களே. வெளிய இருக்கிறவங்க பயந்துக்கப் போறாங்க."

எனக்கு வலி புதிதல்ல. கரும்பின் சோகை இலை அறுத்த கீறல் இல்லாத நாளே என் கையில் கிடையாது. காலில் ஆணி ஏறியபோது நானே பிடுங்கிப் போட்டுவிட்டு நடவு முடித்திருக்கிறேன். வயிற்றைக் கிழித்த தையல் காய்வதற்கு முன்னால் குடம் தூக்கியிருக்கிறேன். அங்கேயெல்லாம் வலி எனக்கும் என் உடம்புக்கும் நடுவில் இருந்தது. இங்கே நான் வாயைத் திறந்து நிறுத்து என்கிறேன், என் காலைப் பிடித்து அமுக்குகிறார்கள். வலியைவிட அதுதான் என் தலைக்கு ஏறியது.

"கைய எடு," என்றேன்.

நர்ஸ் திகைத்துப் போய் எடுத்தாள்.

"டாக்டரம்மா, அத்த வெளிய எடுங்க. நான் இறங்கப் போறேன்."

டாக்டர் நிறுத்தினார். அந்த அறைக்குள் நான் வந்ததிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கருவிகளை எடுத்துவிட்டு, "இப்படிப் பண்ணா எங்களால எதுவும் பண்ண முடியாதும்மா. பாதியில போனா ரிசல்ட் வராது," என்றார்.

"வரலன்னா போவட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கியதும் கண் இருட்டியது. மாணவிகளில் ஒருத்தி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்கக்கா," என்று தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். கர்ப்பப்பை வாயை இழுத்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வருமாம். அதையும் யாரும் முன்னால் சொல்லவில்லை.

வெளியே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "முடிஞ்சிதா?"

"இல்ல. இறங்கி வந்துட்டேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை நான்காக மடித்து வண்டியின் பின் சீட்டில் போட்டார். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினார். வில்லியனூரில் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அழுதால் அழட்டும் என்பது போல. நான் அழவில்லை.

மறுநாளே என் நாத்தனார் வசந்தா செல்லிப்பட்டிலிருந்து வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. வாய் பெரிது, மனசும் பெரிதுதான், ஆனால் வாய்தான் முதலில் வரும்.

"ஏன்டி, உசுரு முக்கியமா வலி முக்கியமா? நான் மூணு புள்ளய வூட்டுலயே பெத்தவ. பக்கத்து வூட்டுக்காரிக்குத் தெரியுமா நான் பெத்தது? பொம்பளன்னா பொறுத்துக்கணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எந் தம்பி இன்னா பண்ணுவான்?"

"டெஸ்ட்டு வேணாம்னு நான் சொல்லலக்கா."

"பின்ன இன்னா சொல்லுற?"

எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. சித்தியின் கை கண் முன்னால் வந்துகொண்டுதான் இருந்தது. வசந்தா சொன்னது ஒன்று சரி. துண்டு எடுக்காமல் விட முடியாது. மறுபடி போய் மன்னிப்புக் கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதானா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன்.

அந்த நாட்களில்தான் அஞ்சலை வந்தாள். எங்கள் கரும்பில் களையெடுக்க வருபவள். அன்று வேலை விட்டதும் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, மோட்டார் கொட்டகைப் பக்கம் கை கழுவுவது போல நின்றுகொண்டாள்.

"அக்கா, நீ பாதியில இறங்கி வந்துட்டியாமே."

"ஆமா. ஊரெல்லாம் அதான் பேச்சா?"

"அதுக்குக் கேக்கலக்கா. எனக்கும் அதே டெஸ்ட்டுதான் எடுக்கச் சொன்னாங்க. போன வருசமே."

"எடுத்தியா?"

"எங்க அண்ணி ஒருவாட்டி போயிட்டு வந்து சொன்னதக் கேட்டேன். போவவே இல்ல."

"இப்ப எப்படி இருக்குது?"

"போயிக்கினுதான் இருக்குது," என்று சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். அவள் நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு வருடமாக இந்த நகத்தோடு எங்கள் கரும்புக்கொல்லையில் குனிந்து களை பறித்திருக்கிறாள்.

அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. லேசா வலிக்கும் என்று சொல்லிப் படுக்க வைக்கிறார்கள். வலித்தால் பொறுத்துக்கொள் என்கிறார்கள். பொறுத்தவள் வந்து வீட்டில் சொல்கிறாள். அதைக் கேட்டவள் போகாமலே இருந்துவிடுகிறாள். உள்ளே என்ன வளர்கிறதோ, அது பாட்டுக்கு வளர்கிறது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் குழம்பை ஊற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"எனக்குக் கடவாப்பல் புடுங்குனாங்களே. மொதல்ல ஊசி போட்டு வாய மரத்துப் போவ வெச்சிட்டுத்தானே புடுங்குனாங்க. ஒரு பல்லுக்கு. இதுக்கு அதுமாதிரி ஊசி கிடையாதா?"

நானும் நித்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு இடது கையால் போனை எடுத்தாள்.

"இருக்குதும்மா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. அப்பா முன்னால் வாசிக்க அவளுக்குக் கூச்சம். ஆனாலும் வாசித்தாள். சோதனைக்கு முன்னால் வலி மாத்திரை போடலாம். கர்ப்பப்பையின் வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடலாம். அதுவும் தாங்காதவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். பிறகு ஒரு வரியில் நின்றாள். "அம்மா, நார்மல் டெலிவரி ஆகாதவங்களுக்குக் கர்ப்பப்பை வாய் இறுக்கமா இருக்குமாம். அவங்களுக்கு வலி ஜாஸ்தியா இருக்கலாமாம்."

இரண்டு பிள்ளை பெற்றவள்தான் நான். ஆனால் இரண்டும் அந்த வழியாக வரவில்லை. அந்த வாய் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. திறக்காத கதவை இடித்துவிட்டு, திறந்து பழகியவள்தானே நீ என்று கேட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தலையைத் தட்டிலிருந்து நிமிர்த்தவே இல்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். கை கழுவும்போது, "அங்கயே போவோம். ஊசி போடச் சொல்லு," என்றார்.

அறைக்குள் அவர் வரமுடியாது என்பதால் அக்காவைத் துணைக்கு அனுப்பினார். வசந்தா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "நான் இன்னாத்துக்கு வரேன்னு நெனச்ச? இவள அமுக்கிப் புடிக்கத்தான் வரேன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதே டாக்டர். என்னை அடையாளம் தெரிந்தது. "வந்துட்டீங்களா. இந்தத் தடவ கோவாப்ரேட் பண்ணுங்க," என்றார்.

"டாக்டரம்மா, போன தடவ லேசா வலிக்கும்னு சொன்னீங்க. அது லேசு கிடையாது," என்றேன். "மரத்துப் போவ ஊசி இருக்குதாமே. அத்த போட்டுட்டு எடுங்க."

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா எடுக்கிறோம். பெரும்பாலும் தாங்கிக்கிறாங்க."

"தாங்கிக்கிறாங்களா, வாய மூடிக்கிறாங்களான்னு யாரயாவது கேட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற வசந்தா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"வெளிய எவ்ளோ கூட்டம்னு பாத்தீங்கல்ல? ஊசி போட்டா அது வேலை செய்ற வரைக்கும் காத்திருக்கணும்."

"நான் காத்திருக்கேன். எங்க வூட்டு மாட்டுக்கு இன்னொரு மாட்டுக் கொம்பு குத்திக் கிழிஞ்சி மாட்டாஸ்பத்திரியில தையல் போட்டாங்க. அதுக்குக்கூட மரத்துப் போவ ஊசி போட்டுட்டுத்தான் தெச்சாரு அந்த டாக்டரு. மாடு கேக்கல. நான் வாயத் தொறந்து கேக்குறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "குழந்தைங்க ரெண்டும் நார்மலா?"

"ரெண்டும் ஆப்பரேசன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"கேட்டாத்தானே சொல்ல."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார். "இத போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. ஊசி போட்டுதான் எடுக்கப் போறேன். ஊசி போடும்போது சுருக்குன்னு இருக்கும், நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிச்சிக்கும். அது போயிடும். பயப்படாதீங்க." முதல் தடவை அவர் இப்படி உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இறங்கியிருக்கவே மாட்டேனோ என்னவோ.

"இன்னும் ரெண்டு இருக்குது," என்றேன். "எங்க அக்கா என் தலமாட்டுல நிக்கணும். நான் கையத் தூக்குனா நிறுத்தணும்."

துணைக்கு வருகிற அட்டெண்டரையெல்லாம் உள்ளே விடுவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். இது அதே முழங்கால் நர்ஸ். அப்படியானால் நான் மேசையில் ஏறப்போவதில்லை என்றேன். டாக்டர் கையசைத்தார். "நிக்கட்டும். படிக்கிற பசங்களக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

அப்படி வசந்தா உள்ளே வந்தாள். என் தலைமாட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே பக்கத்தில் இருந்த தட்டை எட்டிப் பார்த்தாள். தட்டில் அந்த இடுக்கி இருந்தது.

"இது எதுக்குங்க?"

"கர்ப்பப்பை வாயப் புடிச்சிக்கிறதுக்கும்மா."

"இந்தக் கொக்கியாலயா?" வசந்தாவின் கை என் கையை இறுக்கியது. குனிந்து என் காதருகில், "இத்த வெச்சா அன்னைக்கு ஊசி போடாம இழுத்தாங்க?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். அதன் பிறகு அவள் என்னை அமுக்கிப் பிடிக்கிற பேச்சையே எடுக்கவில்லை.

ஊசி சுருக்கென்று இருந்தது, அவர் சொன்ன மாதிரியே. நெஞ்சு குதித்தது. வாயில் ஒரு மாதிரி இரும்பு ருசி. அது அடங்கும்வரை காத்திருந்தார்கள். இடுக்கி வைத்தபோது யாரோ சேலையைப் பிடித்து இழுப்பது போல இழுப்பு மட்டும் தெரிந்தது. குழாய் உள்ளே போனபோது வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதவிடாயின் முதல் நாள் வலியைப் போல இரண்டு பங்கு. ஒரு இடத்தில் அது கூடிக்கொண்டே போனது. நான் கையைத் தூக்கினேன்.

டாக்டர் நிறுத்தினார்.

"சரிங்கம்மா. நீங்க சொல்லும்போது ஆரம்பிக்கிறேன்," என்றார். அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முதல் தடவை அத்தனை வலியில் வராத கண்ணீர், ஒருத்தர் நிறுத்தியதற்கு வந்தது. வசந்தா தன் தலைப்பால் என் காதோரம் துடைத்தாள். மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "ஆரம்பிங்க," என்றேன். டாக்டர் முடித்தார். துண்டு கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வசந்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒதியம்பட்டு தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"புள்ள வேணாம்னு வெச்ச காப்பர்-டிய எனக்கு எடுத்தாங்க, ஞாபகம் இருக்குதா? நூல் உள்ள போயிடுச்சின்னு தேடித் தேடி எடுத்தாங்க. வந்து ரெண்டு நாளு படுத்தே கெடந்தேன். காய்ச்சல்னு சொன்னேன் எல்லார்கிட்டயும்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா இன்னா சொல்லுவாங்க? நான் உனக்குச் சொன்னதயேதான் எனக்குச் சொல்லியிருப்பாங்க."

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகன் கேட்காமலே தண்ணீர் பிடித்து வைத்தான். என் வீட்டுக்காரர் சும்மா சும்மா வீட்டுக்குள் வந்து எதையோ தேடுவது போலத் தேடிவிட்டுப் போனார். நான் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

புற்று இல்லை. டாக்டர் நிதானமாக விளக்கினார். உள்சவ்வு தேவைக்கு மேல் வளர்ந்து தடித்திருக்கிறது. இப்போதைக்கு அதில் கெடுதல் இல்லை. அப்படியே விட்டால் பிற்காலத்தில் சிலருக்கு அது புற்றாக மாறலாம். அதனால் காப்பர்-டி போலவே இருக்கும் ஒரு சிறு காயிலைக் கர்ப்பப்பைக்குள் வைக்க வேண்டும். அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சவ்வை மெலிய வைக்கும். சில மாதம் கழித்து மறுபடியும் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

"காயில் வைக்கும்போதும் ஊசி உண்டுதானே?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்களுக்குப் போடாம இருப்பேனா?"

"எனக்கு மட்டும் இல்ல டாக்டரம்மா."

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "என்னால முடிஞ்சதச் செய்றேம்மா. எல்லாம் என் கையில இல்ல," என்றார். அது பொய் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. கேட்கிறவர்கள் கூடினால் அவருக்கும் மேலே போய்க் கேட்க ஒரு வழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காயில் வைத்தாயிற்று. ரத்தம் படிப்படியாகக் குறைந்து இப்போது எப்போதாவது ஒரு சொட்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. அடுத்த துண்டு எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்கும் போவேன்.

அதற்கு முன்னால் அஞ்சலையை அழைத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரனிடம் வசந்தாவே போய்ப் பேசினாள். என்ன பேசினாளோ, அவன் மறுப்பே சொல்லவில்லை. அஞ்சலை பஸ்ஸில் என் தோளில் ஒட்டிக்கொண்டு வந்தாள். என்ன செய்வார்கள், எந்த இடத்தில் வலிக்கும், எது சுருக்கென்று இருக்கும் என்று எதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டு போனேன். எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசியே நான் கேட்டதில்லை. கூலி குறைத்துக் கொடுத்தால்கூட வாங்கி முடிந்துகொண்டு போகிறவள்.

அன்று வேறொரு டாக்டர் இருந்தார். எங்கள் டாக்டர் விடுப்பு. துணைக்கு ஆள் விடமாட்டோம் என்று நர்ஸ் இந்தத் தடவை பிடிவாதமாக நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. நான் பெஞ்சில் உட்காராமல் கதவருகிலேயே நின்றேன். உள்ளே போய்ச் சண்டை போடலாமா, போட்டால் அவளை இன்னும் படுத்துவார்களோ என்று மனசு அலைந்தது.

அப்போது உள்ளிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. கரும்புக்கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரல். அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இங்கே அதை எடுப்பாள் என்று தெரியாது.

"ஊசி போடாம கை வெக்காதீங்க. போட்டுட்டு அப்பறம் தொடுங்க."

பெஞ்சில் இருந்த எல்லோரும் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இவங்களும் உறுவையாறா? உங்க ஊரு பொம்பளைங்க எல்லாருமே இப்படித்தானா?"

"இனிமே அப்படித்தான்," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, ஊசி மருந்து எடுத்து வரும்படி யாரிடமோ சொன்னாள். கதவு மூடியது.

பெஞ்சின் நடுவில் இருந்த ஒரு பெண், மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா ஊசிக்கா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.